9 இலட்சம் ரூபாய்க்கு ஃபயர்வோல்: வாங்கத்தான் வேண்டுமா?

செங்கலடிக் கணக்காளர்

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் தனியார் நிறுவனத்துக்குச் செங்கலடிப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையும், கல்முனையில் ஒரு விற்பனை அலுவலகமும், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு நெற்களஞ்சியமும் இருக்கின்றன. மொத்தம் 32 பேர் வேலை செய்கிறோம். அவர்களில் 11 பேருக்குக் கணினியில் வேலை.

கடந்த பெரும்போக அறுவடையின்போது, எங்களுக்கு அரிசிப் பைகள் வழங்கும் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்களுடைய வழமையான வங்கிக் கணக்கில் கணக்காய்வு நடைபெறுவதால், இம்முறை பணத்தை வேறொரு கணக்கில் வைப்பிலிடுமாறு அதில் கேட்கப்பட்டிருந்தது. பழைய கடிதத் தொடர் முழுவதும் அதன் கீழே இருந்தது. சிட்டை இலக்கமும் தொகையும் சதம் பிசகாமல் பொருந்தின. 18 இலட்சம் ரூபாயை அனுப்பிவிட்டோம். ஒன்பது நாள் கழித்து உண்மையான வழங்குநர் பணம் கேட்டு அழைத்தபோதுதான், அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தது கண்ணில் பட்டது. நெல் ஏற்றிய லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும் நாளில் முகவரியை எழுத்தெழுத்தாக எவர் வாசிப்பார்?

இப்போது பணிப்பாளர் சபை ஒரு ஃபயர்வோல், அதாவது இணையத்துக்கும் அலுவலக வலையமைப்புக்கும் நடுவில் நின்று வேண்டாததைத் தடுக்கும் கருவி, வாங்க முடிவெடுத்திருக்கிறது. விலைமனு 9 இலட்சம் ரூபாய். ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் வேறு. இதைப் பொருத்தினால் இனி இப்படி நடக்காது என்று விற்பனையாளர் உறுதியளிக்கிறார். அந்த விலைமனுவில் கையெழுத்திட வேண்டியவன் நான். இதில் அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கல்முனை வலையமைப்பாளர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் ஃபயர்வோல் விற்பவன்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். 2016 பெப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்த கொள்ளையை நினைவுபடுத்துகிறேன். நியூயோர்க்கில் இருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை எடுக்கப் போலிக் கோரிக்கைகள் அனுப்பப்பட்டன. 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வங்கியின் வலையமைப்பில் ஃபயர்வோல் இருக்கவில்லை என்றும், கணினிகளை இணைக்க மலிவான பழைய சுவிச்சுகளே இருந்தன என்றும் அந்நாட்டு விசாரணை அதிகாரி ஒருவர் அப்போது கூறியிருந்தார். ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே அந்த நிலை என்றால், வாசலில் காவலாளி தேவையில்லை என்று ஓர் அரிசி ஆலை எண்ணுவது சரியாகுமா?

பழைய வங்கியாளர்

தம்பி, அந்தக் கதையின் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். அதில் 20 மில்லியன் டொலர் நம் இலங்கைக்கு, ஓர் அமைப்பின் கணக்குக்கு வந்தது. பெறுபவரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடு இருந்ததைக் கண்டு வங்கியில் ஒருவர் கேள்வி எழுப்பினார். அந்தப் பணம் திரும்பிச் சென்றது. அதைத் தடுத்தது எந்த இயந்திரமும் அன்று. 'இது என்ன பிழை' என்று நின்று கேட்ட ஒரு மனிதரின் பழக்கம்தான் தடுத்தது.

கள்வர்கள் நாள் பார்த்த விதத்தையும் கவனியுங்கள். வியாழன் இரவு தொடங்கினார்கள். வெள்ளி வங்கதேசத்தில் விடுமுறை, அடுத்த இரண்டு நாள் நியூயோர்க்கில் விடுமுறை, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. கோரிக்கைகளைத் தானாக அச்சிட வேண்டிய பிரிண்டர் வேலை செய்யாததைக் கண்ட ஊழியர்கள், வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். கணக்காளர் தம்பியின் ஆலையிலும் லொறி வரிசை நாளில்தான் அந்த மின்னஞ்சல் வந்திருக்கிறது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நான் மட்டக்களப்பில் வங்கியில் சேர்ந்த காலத்தில் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று முகாமையாளரிடம், மற்றது காசாளரிடம். இருவரும் நேர்மையானவர்கள், இருந்தும் இருவரும் சேராமல் கதவு திறக்காது. பணம் அனுப்புவதற்கும் அதுவே விதி: ஒருவர் பதிவார், இன்னொருவர் அனுமதிப்பார். வழங்குநரின் கணக்கிலக்கம் மாறினால், பழைய கோப்பில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு சதமும் போகக் கூடாது. அந்த மின்னஞ்சலிலேயே கொடுக்கப்பட்டிருக்கும் இலக்கத்துக்கு அழைப்பது, கள்வனிடமே 'நீ கள்வனா' என்று கேட்பதற்குச் சமம். இந்த விதிக்குச் செலவு ஒரு தொலைபேசி அழைப்பு.

ஒலுவில்வாசி

ஐயா சொன்ன இரட்டைச் சாவியைக் கணினித் துறையும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975இல் எழுதிய கட்டுரையில், பாதுகாப்பான அமைப்புக்கு எட்டு வடிவமைப்புக் கோட்பாடுகளை வகுத்தார்கள். இரண்டு சாவி தேவைப்படும் பூட்டு அவற்றில் ஒன்று. அதற்கு வங்கிப் பெட்டகத்தையே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் அதிகாரம் கொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. எட்டில் கடைசியாக வருவதைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்: பாதுகாப்பு முறை பாவிப்பவருக்கு இலகுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் அதைச் சுற்றிப் போக வழி கண்டுபிடிப்பார்.

கணக்காளரிடம் ஒரு கேள்வி. சிட்டை இலக்கமும் தொகையும் பழைய கடிதத் தொடரும் கள்வனுக்கு எப்படித் தெரிந்தன? இரு தரப்பில் எவரோ ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியை அவன் நாட்கணக்காக வாசித்திருக்க வேண்டும். உங்கள் அலுவலக மின்னஞ்சலின் அமைப்புகளுக்குள் சென்று, கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

செங்கலடிக் கணக்காளர்

இருந்தது, சேர். பார்த்தவுடன் கை நடுங்கியது. 'சிட்டை', 'கொடுப்பனவு' என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் வரும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும், நாங்கள் அறியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அழித்துவிட்டேன், அதற்கு முன் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நான்கு பேர் பாவித்தோம். ஆலையின் பெயரும் ஆரம்பித்த ஆண்டும் சேர்ந்ததுதான் அது.

ஒலுவில்வாசி

அப்படியானால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. உங்கள் மின்னஞ்சல் இருப்பது செங்கலடியில் அன்று. வெளிநாட்டில் உள்ள சேவை நிறுவனத்தின் சேர்வரில். கள்வன் உங்கள் ஆலையின் வாசலுக்கு வரவே இல்லை. சரியான கடவுச்சொல்லோடு நேராக அந்தச் சேர்வருக்குப் போயிருக்கிறான். ஆலையின் வாசலில் 9 இலட்சத்துக்கு எதை நிறுத்தினாலும் அது இதைக் கண்டிருக்காது.

நான்கு பேருக்கும் தனித்தனிக் கணக்குக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு இலக்கமோ அனுமதியோ கேட்கும் முறையை, இயக்குங்கள். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்வழி நிறுவனம் கணினிக் கள்வர்களின் தாக்குதலால் நின்றுபோனதற்கு, வெளியிலிருந்து வலையமைப்புக்குள் வர உதவும், எவரும் பாவிக்காமல் கிடந்த ஒரு பழைய தொலைநுழைவுக் கணக்கே வாசலாக இருந்தது. அதற்குக் கடவுச்சொல் மட்டும் இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இருக்கவில்லை. 4.4 மில்லியன் டொலர் கப்பம் கட்டினார்கள். உங்களிடம் வேலையை விட்டுச் சென்றவர்களின் கணக்குகள் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

சரிபார்ப்பு இலக்கத்தைக் குறுஞ்செய்தியாகப் பெறுவதைவிட, கைத்தொலைபேசிச் செயலியில் பெறுவது நல்லது. பாதுகாப்பு கூடுதல் என்பதோடு, படுவான்கரைக் களஞ்சியத்தில் சிக்னல் கிடைக்காத இடத்திலும் அந்தச் செயலி இலக்கம் காட்டும். ஆனால் எவர் தொலைபேசியில் கேட்டாலும் அந்த இலக்கத்தைச் சொல்லக் கூடாது. தாங்கள் கேட்காமலேயே 'அனுமதிக்கவா' என்று செய்தி வந்தால் அனுமதிக்கவும் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும் கட்டாயத்தைக் கைவிடலாம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அந்த வழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டுகிறார்கள். நீளமான, வேறெங்கும் பாவிக்காத கடவுச்சொல் போதும். பூட்டிய லாச்சியில் ஒரு கொப்பியில் எழுதி வைப்பதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். செங்கலடி லாச்சியைத் திறக்க வெளிநாட்டிலிருந்து எவரும் வரப்போவதில்லை.

பெயர் வேண்டாம்

இந்த இழையை இரண்டு நாட்களாக வாசிக்கிறேன். நான் இன்னொரு நிறுவனத்தில் இலிகிதராக வேலை செய்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பொய்யான இணைப்பை அழுத்தி, அங்கே கடவுச்சொல்லைக் கொடுத்தவள் நான்தான். அழுத்திய இரண்டாவது நிமிடமே ஏதோ பிழை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு முந்திய மாதம், வைரஸ் இருந்த பென் டிரைவைச் செருகிய ஒரு தம்பியை முகாமையாளர் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி ஏசியதை நான் பார்த்திருந்தேன். மூன்று நாள் கழித்து எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் எங்கள் பெயரில் கடிதங்கள் போனபோதுதான் விடயம் வெளியே வந்தது. அந்த மூன்று நாளில் நான் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எங்களுக்குப் பயிற்சி ஒன்று தந்தார்கள். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. உதாரணங்கள் அமெரிக்காவில் நடந்தவை. எனக்கு வந்த பொய்க் கடிதமோ பிழையில்லாத தமிழில் இருந்தது.

பழைய வங்கியாளர்

மகள், நீங்கள் எழுதியது நல்லது. காசாளர் ஒருவர் மாலையில் 500 ரூபாய் குறைகிறது என்று தானாக வந்து சொன்னால், அவரைத் தண்டிக்காதவரே நல்ல முகாமையாளர். தண்டித்தால் மறுமுறை 5,000 குறையும்போது அவர் சொல்ல மாட்டார்.

செங்கலடிக் கணக்காளர்

எங்கள் 18 இலட்சத்தை அனுப்பியவரும் இளம் இலிகிதர்தான். அவரை நிறுத்திவிட வேண்டும் என்று சபையில் ஒருவர் சொன்னார். அனுமதித்துக் கையெழுத்திட்டவன் நான் என்பதை அப்போது எழுந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்வேன்.

வெல்லாவெளிக்காரன்

எனக்குக் கணினி பற்றி அதிகம் தெரியாது. யானை வேலி பற்றித் தெரியும். எங்கள் பக்கத்தில் மின்வேலி போட்ட முதல் வருடம் யானை வரவில்லை. இரண்டாம் வருடம் கம்பியில் புல் படர்ந்து மின்சாரம் நிலத்துக்கு இறங்கியது. வெட்ட ஆள் இல்லை. அதன் பிறகு யானைகள் மரத்தைத் தள்ளிக் கம்பிமேல் விழுத்தக் கற்றுக்கொண்டன. வேலிக்கு உள்ளே வந்த யானைக்கு ஊருக்குள் ஒரு தடையும் இல்லை. எந்த வீட்டில் நெல் மணக்கிறதோ அந்த வீட்டுச் சுவரை இடித்தது. அறுவடை நெல்லை வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் சேர்த்து வைத்தவர்களின் சுவர் தப்பியது.

ஒலுவில்வாசி

வெல்லாவெளி அண்ணன் சொன்னதை நான் விரிவுரையில் சொல்லப் போகிறேன், அனுமதி தாருங்கள். புல் வெட்டுவது என்பது மென்பொருளைப் புதுப்பிப்பது. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'வனாக்ரை' என்ற கப்ப மென்பொருள் 150 நாடுகளில் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் 59 நாட்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காதவர்கள் அகப்பட்டார்கள். நம் பகுதி அலுவலகங்களில் கிரக் செய்த, அதாவது உரிமம் வாங்காமல் பூட்டை உடைத்துப் பாவிக்கும், வின்டோஸ் எவ்வளவு என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அதில் புதுப்பித்தலை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருப்பார்கள், கிரக் செய்யும் நிரலோடு சேர்ந்தே கடவுச்சொல் திருடும் நிரலும் வருவதுண்டு. வின்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 9 இலட்சத்தில் ஒரு பகுதியை உரிமமுள்ள வின்டோஸுக்கும், மிகப் பழைய இரண்டு மூன்று கணினிகளை மாற்றுவதற்கும் செலவிட்டால் பயன் அதிகம்.

வீட்டில் மணக்கும் நெல் எது? உங்களுக்கு நெல் விற்கும் விவசாயிகளின் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி எல்லாம் கணினியில் இருக்கும் அல்லவா? எத்தனை வருடத்துக்கு உரியவை?

செங்கலடிக் கணக்காளர்

2011 வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கிய கோப்புகள் எல்லாமே இருக்கின்றன. அழிக்கலாம் என்று எவரும் எண்ணியதில்லை.

ஒலுவில்வாசி

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசியுங்கள். எந்த நோக்கத்துக்காகத் தரவைப் பெற்றோமோ அதற்குத் தேவையான அளவையே, தேவையான காலத்துக்கு மட்டுமே வைத்திருக்கலாம் என்பது அதன் அடிப்படை. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் வைத்தே அச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. வரிக்கும் கணக்காய்வுக்கும் வைத்திருக்க வேண்டியதைக் கணக்காய்வாளரிடம் கேட்டுப் பிரித்தெடுங்கள், மிச்சத்தை அழித்துவிடுங்கள். இல்லாத பிரதியை எவராலும் திருட முடியாது.

கல்முனை வலையமைப்பாளர்

சரி, என் பொருளை நானே குறைத்து விற்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஆனால் வேலியே வேண்டாம் என்று வெல்லாவெளி அண்ணன் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். கணக்காளரிடம் நான் ஒன்று கேட்கிறேன். அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் உங்கள் ஆலையில் இருக்கிறதா? அதைச் சீர்செய்பவர் வெளியிலிருந்து இணையம் வழியாக உள்ளே வந்து பார்ப்பதுண்டா?

செங்கலடிக் கணக்காளர்

உண்டு, காக்கா. அலுவலக வைஃபையில்தான் அதையும் இணைத்திருக்கிறோம். லொறிச் சாரதிகளுக்கும் அதே வைஃபைதான்.

கல்முனை வலையமைப்பாளர்

அதுதான் நான் பயந்தது. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொகுதியிலிருந்து 4 கோடி கட்டண அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, கள்வர்கள் முதலில் கைப்பற்றியது அந்தக் கடைகளுக்குக் குளிரூட்டி வேலை செய்யும் ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் நுழைவு உரிமையைத்தான். இயந்திரம் ஒரு வலை, கணக்குப் பிரிவு ஒரு வலை, சாரதிகளும் விருந்தினரும் இன்னொரு வலை என்று மூன்றாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக முடியாதபடி செய்ய வேண்டும். சீர்செய்பவருக்கான வழியைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும். உங்கள் ரவுட்டரின் படத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அதிலேயே இதைச் செய்ய முடியும் என்றால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். முடியாவிட்டாலும் 32 பேர் உள்ள இடத்துக்கு 9 இலட்ச ரூபாய்ப் பெட்டி தேவையில்லை.

ஒலுவில்வாசி

பேக்அப், அதாவது காப்புப் பிரதி பற்றி எவரும் கேட்கவில்லையே.

செங்கலடிக் கணக்காளர்

கணக்கு மென்பொருள் ஒவ்வொரு இரவும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தானாகப் பதிகிறது. அது கணினியிலேயே எப்போதும் செருகியிருக்கும்.

ஒலுவில்வாசி

அப்படியானால் அதை பேக்அப் என்று நான் சொல்ல மாட்டேன். கணினியைப் பூட்டும் கப்ப மென்பொருள், அதில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். 2023 ஓகஸ்ட் 26 அன்று நம் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவைக்கு இதுதான் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த பிரதிகளும் பூட்டப்பட்டன. இணைப்பில்லாத பிரதி இருக்கவில்லை. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பாவித்ததும், ஏப்ரல் மாதத்திலேயே ஆதரவுக் காலம் முடிந்திருந்த 2013ஆம் ஆண்டு மென்பொருள்.

எதிர்மாறான கதையும் ஒன்று உண்டு. 2017 ஜூனில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை 'நொட்பெட்யா' என்ற நாச மென்பொருள் தாக்கி, உலகெங்கும் இருந்த அதன் கணினிகளைப் பாழாக்கியது. பயனர் கணக்குகள் எல்லாவற்றையும் ஆளும் சேர்வர்கள் அத்தனையும் அழிந்தபோது, கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அங்கே அந்நேரம் மின்வெட்டு. இணைப்பற்றுக் கிடந்த அந்த ஒரு சேர்வரிலிருந்துதான் அந்த அமைப்பையே மீட்டெடுத்தார்கள். மின்வெட்டால் நன்மை கண்ட நிறுவனம் உலகிலேயே அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். அந்த ஒன்று எதிலும் செருகப்படாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: மார்கழி வெள்ளம் ஆலைக்குள் வந்தால், மேசைக்குக் கீழே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து மூழ்கும். ஒன்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தால் மற்றது படுவான்கரையில் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்புவது, திறந்து பார்க்காத மூடையை விதைநெல் என்று வாங்குவது போன்றது.

பழைய வங்கியாளர்

இன்னொன்று. நள்ளிரவில் எல்லாம் நின்றுபோனால் எவரை அழைப்பது என்பதைக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: வங்கிக் கிளை, கணினித் தாக்குதல்களின்போது உதவும் அமைப்பான இலங்கை சேர்ட், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு, உங்கள் கணினிக்காரர். பணம் தவறிப் போனால் முதல் அழைப்பு வங்கிக்கு. முதல் மணித்தியாலத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழியுண்டு, ஒன்பது நாள் கழித்துச் சொன்னால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும். பூட்டிய கணினிக்குள் இருக்கும் இலக்கப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

செங்கலடிக் கணக்காளர்

நேற்றுச் சபைக் கூட்டம் நடந்தது. விலைமனுவுக்கு நான் கையெழுத்திடவில்லை. காரணத்தை எழுத்தில் கொடுத்தேன். இலிகிதர் வேலையில் இருப்பார், அனுமதித்தவன் நான் என்பதும் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. வழங்குநரின் கணக்கிலக்கம் மாறினால் பழைய இலக்கத்துக்கு அழைத்து உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது என்ற விதி நிறைவேறியது. சபைத் தலைவர் அவசரம் என்று சொன்னாலும் அது பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். பொருந்தும் என்று தலைவரே சொன்னார். அந்த வரியையும் எழுதிவிட்டோம்.

ஆனால் டிஸ்க்கிலிருந்து மீட்டுப் பார்த்தபோது, கடைசியாகப் பதிந்தது ஏழு மாதத்துக்கு முன் என்று தெரிந்தது. இடம் நிரம்பியதும் அது தானாக நின்றிருக்கிறது. எவருக்கும் எச்சரிக்கை வரவில்லை. இன்று இரண்டு புதிய டிஸ்க்குகள் வாங்கினேன்.

பெயர் வேண்டாம்

ஐயா, உங்கள் ஊழியர்களுக்கு விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதுவதென்றால் நான் எழுதித் தருகிறேன். எனக்கு வந்த பொய்க் கடிதத்தையும் பெயர்களை நீக்கிவிட்டு மாதிரியாக இணைக்கிறேன்.

செங்கலடிக் கணக்காளர்

மிக்க நன்றி, தங்கச்சி. தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

வெல்லாவெளி அண்ணன், எங்கள் களஞ்சியத்தில் எலித் தொல்லை அதிகம். உங்கள் பக்கத்தில் பூட்டுள்ள இரும்பு அலுமாரி ஒன்று இருக்குமா?

வெல்லாவெளிக்காரன்

இருக்கிறது. சனிக்கிழமை நான் மட்டக்களப்புக்கு வருகிறேன். டிஸ்க்கை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுவதென்றால் மண்முனைப் பாலத்தடியில் சந்திக்கலாம். அலுமாரிக்கு இரண்டு சாவி உண்டு, ஒன்றை உங்களிடம் தருகிறேன்.